வாடை வரும் வழி

பூச்சோங் வட்டாரத்தில் வாழும் நமக்குக் குளிர் என்பது பெரிய காரியமில்லை. மழை நின்ற விடியற்காலையில் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வோம், அதோடு சரி. புல்மேல் வெள்ளைவெளேரென்று படியும் உறைபனியை நம்மில் பெரும்பாலோர் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே, சைபீரியாவில் புறப்படும் குளிர்காற்றைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால், அது வேறு யாருக்கோ உரிய பாடம் என்று தோன்றக்கூடும். ஆனால், 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கிள்ளான் ஆற்றங்கரைத் தாமான்களில் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் அந்தக் காற்றுக்கும் உறவு உண்டு. அது எங்கே பிறக்கிறது, வழியில் என்னென்ன செய்கிறது, பனியாகத் தொடங்கிய பயணம் நம் வாசலில் வெள்ளமாக முடிவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. ஆண்டையும் ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம்; மார்கழியும் தையும் முன்பனிக்காலம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பெயரிலேயே வாடை இருக்கிறது. அந்தப் பாட்டில் குளிரும் மழையும் ஒன்றாகவே வருகின்றன. தமிழகத்துச் சமவெளியில் உறைபனி விழுவதில்லை அல்லவா? வடக்கே பனியைக் கொட்டும் காற்று, தெற்கே வரும்போது மழையைக் கொட்டுகிறது என்பது அந்தப் பழைய பெயரிலேயே அடங்கிக் கிடக்கிறது. நாமும் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை வாடை என்று அழைப்பதில் தவறில்லை.

இனி வடக்கே போவோம்.

செப்டம்பர் கழிந்ததும் சைபீரியாவிலும் மொங்கோலியாவிலும் பகல் குறுகி, இரவு நீள்கிறது. சூரியன் தாழ்வாகவே சென்று மறைகிறான். நிலம் பகலில் வாங்கும் வெப்பத்தைவிட இரவில் வானத்துக்கு விட்டுக்கொடுக்கும் வெப்பம் அதிகம். கடல் என்றால் தன் வெப்பத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். நிலத்துக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் இல்லை. ஆகவே அந்தப் பரந்த நிலப்பரப்பின்மேல் இருக்கும் காற்று நாளுக்கு நாள் குளிர்ந்து, கனத்து, கீழே படிகிறது. கனத்த காற்று தரையை அதிகமாக அழுத்துகிறது. உலகில் கடல்மட்டக் காற்றழுத்தத்தின் சராசரி 1,013 மில்லிபார். குளிர்காலத்தில் சைபீரிய உயர் அழுத்த மண்டலத்தின் நடுவே அது 1,040 மில்லிபாரைத் தாண்டும். சில வேளைகளில் 1,060ஐயும் தாண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் 1,010ஐ ஒட்டியே நிற்கும். மேட்டில் தேங்கிய தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல, அங்கே தேங்கிய குளிர்காற்று தெற்கே வழியத் துடிக்கிறது.

அது எப்போதும் ஒரே சீராக வழிவதில்லை. தேங்குகிறது, உடைகிறது, மறுபடி தேங்குகிறது, மறுபடி உடைகிறது. ஒவ்வொரு முறை உடையும்போதும் குளிர்காற்று ஒரு சுவர்போல முன்னேறுகிறது. அந்தச் சுவரின் முன்விளிம்பைக் குளிர்முகப்பு என்கிறோம். முகப்பு என்ற இந்தச் சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற அறிஞரும், அவருடைய மகன் யாக்கோப் பியர்க்னெசும், அவர்களுடைய கூட்டத்தாரும் வானிலைப் படங்களை ஆராய்ந்தார்கள். குளிர்காற்றும் வெப்பக்காற்றும் இரண்டு படைகளைப்போல எதிரெதிரே நின்று மோதும் எல்லைக்கோடு ஒன்று அவர்கள் கண்ணுக்குப் பட்டது. நாள்தோறும் செய்தித்தாளில் போர்முனைப் படங்களைப் பார்த்துப் பழகிய தலைமுறை. அந்தச் சொல்லையே காற்றுக்கும் வைத்துவிட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் வடசீனச் சமவெளியில் அப்படி ஒரு குளிர்முகப்பு கடந்துபோகும் இரண்டு நாட்களைக் கவனிப்போம். முதல் நாள் தெற்கிலிருந்து மிதமான காற்று வீசும். வெயில் இதமாக இருக்கும். பிறகு வடமேற்கு வானத்தில் மேகம் திரளும். கனத்த குளிர்காற்று ஓர் ஆப்பைப்போல வெப்பக்காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது. மேலே போன காற்று குளிர்ந்து மழையாகிறது. மழை சில மணி நேரந்தான். அதற்குள் காற்று திசை மாறி வடக்கிலிருந்து அறையத் தொடங்கும். வெப்பநிலை சில மணி நேரத்தில் பத்து டிகிரிகூட இறங்கிவிடும். இரண்டாம் நாள் மேகம் கலைந்து, வானம் கண்ணாடிபோலத் தெளியும். பார்ப்பதற்கு அழகான நாள். ஆனால் உழவர் அஞ்சுவது அன்றைய இரவுக்குத்தான்.

காரணம், உறைபனி மழையோடு வருவதில்லை. மழை போன பிறகு வருகிறது. காற்று அடங்கி, வானில் மேகமும் இல்லாவிட்டால், தரையின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. மேகம் என்பது ஒரு போர்வை. அந்தப் போர்வை விலகிவிட்டது. தரையும் இலையும் தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கின்றன. ஆள் நெஞ்சுயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று நான்கு டிகிரி காட்டும்போதே, இலையின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். அப்போது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகாமல் நேரே பனிக்கட்டித் துகளாக இலையில் படிகிறது. இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்தால், காலை வெயில் பட்டதும் இலை வெந்ததுபோலக் கருகித் துவளும். நீலகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. உதகமண்டலத்தில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். ஓரிரவு உறைபனியில் தேயிலைக் கொழுந்து தீய்ந்துபோவதைக் கண்டவர்கள் அவர்கள்.

நம் பக்கத்து வீட்டுச் சீன நண்பரின் நாள்காட்டியை அக்டோபர் கடைசியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். 23ஆம் தேதியை ஒட்டி ஒரு நாளுக்கு, உறைபனி இறங்குதல் என்று பொருள்படும் பெயர் இருக்கும். ஆண்டை 24 கூறாகப் பகுத்த பழைய சீன உழவர் கணக்கு அது. அந்த நாளுக்குள் எந்தப் பயிரை எடுக்கவேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று மஞ்சளாற்றுச் சமவெளி உழவர் கணக்கிட்டார்கள். பூச்சோங்கில் உறைபனி எங்கே இருக்கிறது? ஆனாலும் அந்த நாள் இங்கேயும் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பின் சில வாரங்களில் நம் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

குளிர்காற்று எவ்வளவு தூரம் தெற்கே தன் குளிரோடு வரமுடியும்? 2016 ஜனவரி 24ஆம் நாள் ஹாங்காங் நகரில் வெப்பநிலை 3.1 டிகிரிக்கு இறங்கியது. 1957க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் பதிவானதில்லை. தாய் மோ ஷான் மலையில் உறைபனி படர்ந்தது. அதிசயத்தைப் பார்க்கலாம் என்று மேலே போனவர்கள் வழுக்கும் பாதையில் இறங்கமுடியாமல் தவிக்க, தீயணைப்புப் படையினர் போய் மீட்கவேண்டியதாயிற்று. ஹாங்காங்கோடு நிலம் முடிகிறது. அதற்குத் தெற்கே தென்சீனக் கடல். காற்றின் குணம் அங்கேதான் மாறுகிறது.

கடல் வெதுவெதுப்பானது. தெற்கே வர வர அதன் மேற்பரப்பு 26, 27 டிகிரியைத் தொடும். குளிர்ந்து வறண்ட காற்று இந்த நீரின்மேல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. அடியிலிருந்து சூடேறுகிறது, சூடேற ஏற நீராவியைக் குடிக்கிறது. ஒரு கணக்குச் சொன்னால் விளங்கும். பூச்சிய டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 5 கிராம். அதே காற்று 27 டிகிரிக்கு வந்தால் 25 கிராமுக்கு மேல் தாங்கும். ஐந்து மடங்கு! வெறுங்கையோடு புறப்பட்டவர் வழியெல்லாம் கடன் வாங்கிச் சுமை ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த இடத்தில் சுமையை இறக்கியாகவேண்டும்.

அந்தப் பயணத்தில் குளிர் கரைந்துபோய்விடுகிறது, வேகம் கரைவதில்லை. குளிர்காற்று ஹாங்காங்கைக் கடந்த ஓரிரு நாளில் தென்சீனக் கடலின் தென்பகுதியில் காற்று வலுக்கிறது, அலை உயர்கிறது. திரங்கானு மீனவர்கள் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள். இதை வானிலை ஆய்வாளர்கள் பருவக்காற்றுப் பாய்ச்சல் என்பார்கள். ஒரு பருவத்தில் இப்படிச் சில பாய்ச்சல்கள் வரும். போர்னியோ தீவை ஒட்டிய கடலில் இந்தக் காற்று சுழன்று ஒரு சுழற்சியையும் உண்டாக்கும். காற்றும் சுழற்சியும் சேர்ந்தால் மழை பலமடங்காகும். இதையெல்லாம் அறிவதற்கென்றே 1978 டிசம்பரில் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாட்டு அறிஞர்கள் ஒரு பெரும் ஆய்வு நடத்தினார்கள். சரவாக்கின் பிந்துலுவில் ராடார் நிறுவினார்கள். கடலில் ஆய்வுக் கப்பல்களை நிறுத்தினார்கள். சீனத்தில் அழுத்தம் ஏறினால் இங்கே மழை எப்போது ஏறும் என்று இன்று சொல்லமுடிகிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தப் பருவத்தின் உழைப்பும் இருக்கிறது.

சுமையோடு வந்த காற்று முதலில் சந்திப்பது கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளை. அங்கே நிலம் உயர்கிறது, காற்றும் உயர்கிறது, மழை கொட்டுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானில் வீடுகளையே அடித்துக்கொண்டு போன வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு நாடு முழுவதும் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். ஆனால் நமக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. பெரும்பாலான பாய்ச்சல்கள் தங்கள் சுமையை மலைக்கு அப்பாலேயே இறக்கிவிடுகின்றன. நமக்கு வருவது மூடிய வானமும், விட்டுவிட்டுத் தூறும் மழையும், கொஞ்சம் குளிர்ச்சியும். 2018 ஜனவரியில் சில நாட்கள் தீபகற்பம் முழுவதும் அப்படிச் சில்லென்று இருந்தது. விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கினோம்; கேமரன் மலைக்கு வந்ததுபோல இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டோம். கேமரன் மலையிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரிதான்; 1978 பிப்ரவரி முதல் நாள் அது பதிவாயிற்று. உறைபனிக்கு அது இன்னும் வெகுதூரம். நம் நாட்டில் பனிக்கட்டியைக் காணவேண்டுமானால் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு உச்சிக்குப் போய், அதிர்ஷ்டத்துக்கும் காத்திருக்கவேண்டும்.

மலை நமக்குக் காவல் என்ற இந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம்.

கின்றாரா, காசல்பீல்ட் போன்ற தோட்டங்கள் தோட்டங்களாகவே இருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு மழை என்றால் முதலில் வயிற்றுக் கவலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றால், பால்மரப் பட்டை நனைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்துபோகும். மங்கும் மழைநீரால் நிரம்பிவிடும். வேலை இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. ஆகவே அவர்கள் மழையின் இரண்டு வகைகளை நன்றாக அறிந்திருந்தார்கள். பிற்பகலில் இடியோடு வந்து மாலையில் ஓய்ந்துவிடும் மழை ஒன்று. அது காலை வேலையைக் கெடுக்காது. இடியுமில்லாமல் மின்னலுமில்லாமல், இரவு பகலென்று பாராமல், நாள்கணக்கில் பெய்யும் மழை இன்னொன்று. அடுப்பு மூட்டுவதே யோசனையாகிவிடும் நாட்கள் அவை.

தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்தன. ஈயலம்பங்கள் ஏரிகளாயின, அவற்றைச் சுற்றிக் கடைவீதிகள் எழுந்தன. மழையின் வகையைப் பிரித்தறியும் அந்தப் பழக்கமும் தோட்டத்தோடு போய்விட்டது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் வெள்ளம் என்று சொல்வது பெரும்பாலும் திடீர் வெள்ளத்தைத்தான். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மாலை நான்கு மணிக்கு வானம் இருண்டு, இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்கிறது. சிமெண்டும் தாரும் மூடிய தரை உறிஞ்சுவதில்லை. சாக்கடை நிரம்பிச் சாலைக்கு ஏறுகிறது. வாகனங்கள் நிற்கின்றன. பிறகு மழை ஓய்கிறது; ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிகிறது; சேற்றைக் கழுவிவிட்டு இரவு உணவுக்கு உட்காருகிறோம். இந்த அனுபவம் நமக்கு ஒரு பாடத்தைப் பதிய வைத்திருக்கிறது: கொஞ்சம் பொறுத்தால் நின்றுவிடும். பருவக்காற்றுப் பாய்ச்சல் மலையைத் தாண்டி வரும் அபூர்வமான நாட்களில் இந்தப் பாடம் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

அப்படி வந்த நாட்கள் உண்டு. 1971 ஜனவரியில் பருவமழை கோலாலம்பூரையே மூழ்கடித்தது. தலைநகரில் 32 பேர் மாண்டார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நம் ஊர் அணைகளும் ஆற்றுச் சீரமைப்புகளும் பலவும் அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தவை.

2001 டிசம்பர் 27ஆம் நாள் இன்னொரு விசித்திரம். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிக்குள் சூறாவளி பிறப்பதில்லை என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் விசை அங்கே அவ்வளவு பலவீனம். ஆனால் வலுவான ஒரு பாய்ச்சல் தென்சீனக் கடலின் குறுகிய தென்முனைக்குள் பாய்ந்து, போர்னியோச் சுழற்சியோடு கலந்தபோது, ஒன்றரை டிகிரிக்கு அருகிலேயே வாமெய் என்ற சூறாவளி உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் தரையேறிவிட்டது. வெள்ளமும் மண்சரிவும் ஜொகூரில் உயிர்களைப் பறித்தன. சைபீரியக் குளிர் நிலநடுக்கோட்டின் வாசலில் சூறாவளி பெற்றெடுத்த கதை இது. உலகெங்கும் உள்ள வானிலைப் பாடநூல்களில் அந்தப் பக்கத்தைத் திருத்தவேண்டியதாயிற்று.

2021 டிசம்பருக்கு வருவோம். பருவக்காற்று வலுத்திருந்த வேளையில் தென்சீனக் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு குவாந்தான் பக்கம் கரையேறி, தீபகற்பத்தின் குறுக்கே மேற்கு நோக்கி நகர்ந்தது. மலை தடுப்பது நேராக வீசும் காற்றை. சுழன்றுகொண்டே வரும் தாழ்வு, மலைக்கு இப்பால் உள்ள ஈரக்காற்றையும் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மலையின் காவல் அன்று பயன்படவில்லை. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை சிலாங்கூரில் தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. வழக்கமாக ஒரு மாதத்தில் பெய்யும் மழை ஒரே நாளில் பெய்துவிட்டதாக அதிகாரிகள் கூறினார்கள்.

அன்று இடி முழங்கவில்லை. காற்றும் பெரிதாக இல்லை. பயமுறுத்தும் அடையாளம் எதுவும் இல்லாமல், ஒரே சீராகப் பெய்துகொண்டே இருந்தது. பலர் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அதுவரை அவர்கள் கண்ட மழையெல்லாம் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது. முதலில் சாலையில் கணுக்கால் அளவு. பிறகு வாசலில். பொருளைக் கட்டிலின்மேல் ஏற்றினார்கள், கட்டிலும் மிதந்தது. இருட்டிய பிறகு வெளியேற நினைத்தபோது சாலை எங்கே, சாக்கடை எங்கே என்று தெரியவில்லை. ஷா ஆலமில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகியது. உணவும் குடிநீரும் இல்லாமல் மாடியில் நாள்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. முன்பின் அறியாதவர்கள் சொந்தப் படகைக் கொண்டுவந்து மீட்டார்கள். அந்தப் பருவத்தின் வெள்ளங்களில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா பின்னர் மதிப்பிட்டது.

ஆற்றின் கதையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கிள்ளான் ஆறு கோலாலம்பூர் நடுவே ஓடி, பெட்டாலிங் ஜெயா, பூச்சோங், ஷா ஆலம் பகுதிகளின் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கவழி, தலைநகரின் மையத்தைக் காக்கும் அருமையான வேலை. ஆனால் அந்தச் சுரங்கம் நீரை விழுங்கிவிடுவதில்லை; நகரத்தைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. கடத்திய நீர் மீண்டும் நம் பக்கம்தான் வரவேண்டும். இரண்டு மணி நேர மழை என்றால் தேக்கக் குளங்கள் சமாளித்துக்கொள்ளும். இரண்டு நாள் மழையில் முதல் நாளே குளங்கள் நிரம்பிவிட்டால், மறுநாள் பெய்வது முழுவதும் ஆற்றுக்குத்தான்.

ஆறு கடலுக்குள் இறங்கவும் கடல் இடம் கொடுக்கவேண்டுமே! மலாக்கா நீரிணையில் வற்றும் பெருக்கும் பெரிது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏற்றநீர் இன்னும் உயரும். அந்த நேரத்தில் கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதி வடிய மறுக்கும். 2021 டிசம்பர் 19ஆம் தேதி பௌர்ணமி. மழை, நிறைந்த குளங்கள், ஏற்றநீர் என்று எல்லாம் ஒரே வாரக் கடைசியில் கூடின. இதில் எதுவும் ரகசியமில்லை. பௌர்ணமியை ஓராண்டுக்கு முன்பே நம் வீட்டுப் பஞ்சாங்கம் சொல்லிவிட்டது.

புவி வெப்பம் கூடிவருவதால் பனி குறையும், குளிர்காற்றும் ஓய்ந்துவிடும் என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். சைபீரியா இனியும் குளிரத்தான் போகிறது. நீண்ட இரவு அங்கே மாறப்போவதில்லை. மாறுவது கடல். கடலும் காற்றும் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால், காற்று சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். வருகிற பாய்ச்சல்கள் எண்ணிக்கையில் கூடுமா குறையுமா என்பதைவிட, ஒவ்வொன்றும் சுமந்துவரும் நீர் அதிகமாகும் என்பதே நமக்குப் பெரிய செய்தி.

இந்தக் காற்றிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. மாலை இடிமழையைப்போல அது திடுமென்று வந்து நிற்பதில்லை. சீனத்தில் அழுத்தம் ஏறுவதும், ஹாங்காங்கில் வெப்பம் இறங்குவதும், கடலில் காற்று வலுப்பதும் வரிசையாக நிகழ்கின்றன. ஒவ்வொன்றையும் அளக்கிறார்கள். ஆகவே வானிலை ஆய்வு இலாகாவால் சில நாட்களுக்கு முன்பே குரல் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்தக் குரலில் இரண்டு வகை இருப்பதை நாம் பிரித்துக் கேட்கவேண்டும். இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்கு மட்டுமே. அதை நம் கைத்தொலைபேசியில் அடிக்கடி பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கிறோம். தொடர்மழை எச்சரிக்கை வேறு. அது நாள்கணக்கில் நிற்பது; மூன்று படிகளாக வருவது. மஞ்சள் நிறத்தில் வஸ்பாடா, அதாவது விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு நிறத்தில் புரூக், நிலைமை மோசம். சிவப்பு நிறத்தில் பஹாயா, ஆபத்து. மலைக்கு அப்பால் உள்ள மாநிலங்களுக்கு இவை அடிக்கடி வரும். சிலாங்கூர் என்ற பெயரோடு ஆரஞ்சோ சிவப்போ வந்தால், அது மலையைத் தாண்டிய மழை என்று பொருள்.

எந்தத் தாமானில் எத்தனை அடி நீர் ஏறும் என்பதை அந்த எச்சரிக்கை சொல்லாது; சொல்லவும் முடியாது. அதற்கு வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்றின் மட்டத்தை அளந்து இணையத்தில் உடனுக்குடன் வெளியிடுகிறது. நமக்கு அருகிலுள்ள அளவு நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டால், இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்ற நான்கு நிலைகளில் ஆறு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மழை நிதானமாகப் பெய்கிறதே என்று அதைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். வயதானவர்களையும் நோயாளிகளையும் பகல் வெளிச்சத்திலேயே மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, காரை உயரமான இடத்தில் நிறுத்துவது, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் முதலியவற்றை ஒரே பையில் கட்டி மாடியில் வைப்பது, மின்சாரத்தின் முதன்மை விசை எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் காட்டிவைப்பது, இவையெல்லாம் கணுக்கால் அளவு நீரில் செய்யவேண்டிய வேலைகளல்ல. வாசல் காய்ந்திருக்கும்போதே செய்யவேண்டியவை. அனுப்பிவிட்டு வெள்ளம் வராமல் போனால் என்ன? பாட்டி ஓர் இரவு பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவார்.

நவம்பர் பிறந்ததும் நம் வீட்டு நாள்காட்டியை எடுத்து, மார்ச் வரை உள்ள பௌர்ணமி, அமாவாசை நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அந்த வட்டத்தை ஒட்டிய நாட்களில் ஹாங்காங்கில் கடுங்குளிர் என்று செய்தி வந்தால், அன்று மாலையே நம் வட்டார வானிலை அறிவிப்பையும் ஆற்றின் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.